எஸ்ஓஇசி செல்லில் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது: கோளாறு நிக்கல் பக்கமா, காற்றுப் பக்கமா?

ஆவிஉலை:

வணக்கம். எரிபொருள் மின்முனையே மற்ற அடுக்குகளைத் தாங்கும் வகை எஸ்ஓஇசி (திட ஆக்சைடு மின்னாற்பகுப்பு) செல் ஒன்றை, நீராவியை ஹைட்ரஜனாக உடைக்கும் மின்னாற்பகுப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அளவு 5×5 செ.மீ., வேலை செய்யும் பரப்பு 16 ச.செ.மீ. நிக்கலும் ஒய்எஸ்இசட்டும் (இட்ரியா சேர்த்த சிர்கோனியா) கலந்த தாங்கு அடுக்கு சுமார் 300 மைக்ரான். அதன் மேல் நுண்துகள் செயல் அடுக்கு 12 மைக்ரான், 8 மோல் சதவீத இட்ரியா சேர்த்த சிர்கோனியா மின்பகுளி 10 மைக்ரான், திரை அச்சில் போட்ட ஜிடிசி (கடோலினியம் சேர்த்த சீரியா) தடுப்பு அடுக்கு 5 மைக்ரான். காற்று மின்முனை எல்எஸ்சிஎஃப் (லாந்தனம்-ஸ்ட்ரான்சியம்-கோபால்ட்-இரும்பு ஆக்சைடு), ஜிடிசி இரண்டின் கலவை.

வெப்பநிலை 750 டிகிரி செல்சியஸ். உள்ளே போவது 90 சதவீதம் நீராவி, 10 சதவீதம் ஹைட்ரஜன், மொத்தம் மணிக்கு 15 நார்மல் லிட்டர். மறுபக்கம் காற்று. மின்னோட்டம் மாறாமல் ச.செ.மீ.க்கு 1 ஆம்பியர். செல் இருப்பது அலுமினா கூட்டுக்குள், சீல் கண்ணாடி.

தொடக்கத்தில் சில நூறு மணி நேரம் மின்னழுத்தம் வேகமாக ஏறியது. பிறகு வேகம் தணிந்து, மெதுவான ஆனால் நிற்காத நேர்கோடாக ஏறுகிறது. இம்பீடன்ஸ் (பல அலைவெண்களில் அளக்கும் மாறுமின் தடை) பார்த்தால் முதல் கட்டத்தில் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து வளைவு மட்டும் பெருத்தது, தொடர் மின்தடை (மின்பகுளியும் தொடுபுள்ளிகளும் தரும் தடை) அசையவில்லை. இரண்டாம் கட்டத்தில் தொடர் மின்தடையும் சேர்ந்து ஏற ஆரம்பித்து இன்னும் ஏறுகிறது.

செல் கொடுத்தவர்கள் சொல்வது: ஜிடிசி அடுக்கில் துளை இருக்கும், ஸ்ட்ரான்சியம் அதன் வழியாக இறங்கி மின்பகுளியோடு வினைபுரிந்து, மின்தடை மிகுந்த சிர்கோனேட் ஆகியிருக்கும், காற்று மின்முனையை எல்எஸ்எம்முக்கு (லாந்தனம்-ஸ்ட்ரான்சியம்-மாங்கனீஸ் ஆக்சைடு) மாற்றிவிடுங்கள். மாற்றினால் நிற்குமா? மாற்றுவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?


நெர்ன்ஸ்ட்கோடு:

எல்எஸ்எம் யோசனையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கட்டமும் இரண்டு தனித்தனி நோய். இரண்டுமே நிக்கல் பக்கத்தில் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் கணிப்பை நம்பி செல்லை மாற்ற முடியாது. அளவீட்டிலிருந்து வருவோம்.

முதலில் ஓட்டக் கணக்கு. 1 ஆம்பியர் நிமிடத்துக்கு 6.97 மி.லி. நீராவியை உடைக்கும். 16 ஆம்பியருக்கு 111.5 மி.லி. உங்கள் 15 லிட்டர் என்பது நிமிடத்துக்கு 250 மி.லி., அதில் நீராவி 225. பயன்பாடு 50 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நீராவிப் பஞ்சம் இல்லை, அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

அடுத்து சுமையில்லா மின்னழுத்தம். 750 டிகிரியில் 90/10 கலவைக்கு, மறுபக்கம் காற்று என்றால், நெர்ன்ஸ்ட் மதிப்பு (வாயுக் கலவையிலிருந்து கணக்கிடும் மின்னழுத்தம்) 0.86 வோல்ட். மீட்டர் 0.88 காட்டினால் உங்களுக்கு வருவது 85 சதவீத நீராவிதான். 0.845 காட்டினால் எங்கோ காற்று கசிந்து ஹைட்ரஜனை 7 சதவீதம் வரை தின்றுவிட்டது. தினமும் ஒரு தடவை சுமையை எடுத்து இந்த ஒரு எண்ணைக் குறித்து வைத்தால் சீல் எப்போது கெட ஆரம்பித்தது என்பது தானாகத் தெரியும். பல ஆய்வுக்கூடங்களில் இதைச் செய்யாமல் கடைசியில் எல்லாவற்றுக்கும் மின்முனை மீது பழி போடுகிறார்கள்.

மூன்றாவது, வெப்பநிலை. ஒய்எஸ்இசட்டின் அயனிக் கடத்தலுக்கான கிளர்வு ஆற்றல் 0.85 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கிறது. 750 டிகிரியில் 10 டிகிரி குறைந்தாலே மின்பகுளியின் மின்தடை 9 முதல் 10 சதவீதம் கூடும். கே வகை தெர்மோகப்பிள் இந்த வெப்பத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் நகரும். எஸ் வகை போடுங்கள், முடியாவிட்டால் என் வகை. இன்னொன்று: வெப்பச் சமநிலை மின்னழுத்தம் இந்த வெப்பநிலையில் ஏறக்குறைய 1.29 வோல்ட். அதற்குக் கீழே ஓடும் செல் சுமையில் குளிரும், மேலே ஓடினால் சூடாகும். மின்னழுத்தம் ஏற ஏற செல்லின் உண்மையான வெப்பநிலையும் ஏறுவதால், சுமையில் எடுத்த இம்பீடன்ஸ் சீர்கேட்டின் ஒரு பகுதியை மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் சுமையோடு ஒன்று, சுமையில்லாமல் ஒன்று என்று இரண்டு எடுத்து வையுங்கள்.

இம்பீடன்ஸ் வளைவை நேராகச் சமன்சுற்றில் (மின்தடை, மின்தேக்கிகளால் ஆன மாதிரிச் சுற்று) பொருத்தாதீர்கள். கம்பிகளின் தூண்டத்தை, செல் இருக்கும் இடத்தில் குறுக்குச்சுற்று வைத்து அளந்து கழியுங்கள். அளவீடு நம்பத்தக்கதா என்று பார்க்கும் கிராமர்ஸ்-க்ரோனிக் சோதனையில் எச்சம் அரை சதவீதத்துக்குள் வருகிறதா பாருங்கள். அப்புறம் டிஆர்டி போடுங்கள்; ஒன்றோடொன்று கலந்த வினைகளைத் தனித்தனிச் சிகரங்களாகப் பிரிக்கும் கணக்கு அது. உங்கள் வகை செல்லில் நிக்கல்-ஒய்எஸ்இசட் மும்முனைக் கோட்டு (நிக்கல், ஒய்எஸ்இசட், வாயு மூன்றும் சந்திக்கும் கோடு) வினை 1 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை வரும். எல்எஸ்சிஎஃப் 10 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம், வாயு விரவலும் அங்கேயே முட்டிக்கொள்ளும். வினையால் வாயுக் கலவை மாறுவதன் தடை சில ஹெர்ட்ஸில். எந்தச் சிகரம் யாருடையது என்று உறுதிசெய்ய வாயுவை மாற்றிப் பாருங்கள். காற்றுப் பக்கம் தூய ஆக்சிஜன் விட்டு ஒன்று, பிறகு அதைக் காற்றுக்கே திருப்பிவிட்டு நீராவி விகிதத்தை 50/50 ஆக்கி ஒன்று. எந்தச் சிகரம் எதற்கு அசைகிறதோ அது அந்தப் பக்கத்தது.

காற்று மின்முனை பெயர்ந்து வருகிறது என்றால் அதற்கு ஒரு அடையாளம் உண்டு. வேலை செய்யும் பரப்பே சுருங்குவதால் தொடர் மின்தடையும் வினை வளைவுகளும் ஒரே விகிதத்தில் பெருக்கும். 10 சதவீதம் பரப்பு போனால் எல்லாமே சுமார் 11 சதவீதம் கூடும். மின்னழுத்தக் கோடும் நேராக ஏறாது, படிப்படியாகத் தாவும் அல்லது வேகம் கூடிக்கொண்டே போகும். முதல் கட்டத்தில் உங்களுக்கு ஒன்று மட்டும் ஏறி மற்றது அசையாமல் இருந்தது. அது பெயர்ச்சி இல்லை.

இனி தொடர் மின்தடைக்கு ஒரே சோதனை. சுமையை எடுத்துவிட்டு, அதே வாயு, அதே வெப்பம், 100 மணி நேரம் சும்மா வையுங்கள். அப்போதும் ஏறினால் அது வெப்பத்தால் நடக்கும் வேதி வினை: சிர்கோனேட், அல்லது மின்சேகரிப்பான் தொடுபுள்ளி ஆக்சைடாவது. நின்றுவிட்டால் மின்னோட்டம்தான் காரணம்.


கண்ணாடிக்கசிவு:

அலுமினா கூடு, கண்ணாடி சீல் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கட்டத்துக்கான ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். சிலிக்கா.

90 சதவீத நீராவி 750 டிகிரியில் கண்ணாடி மீது போகும்போது சிலிக்கா சிலிசிக் அமில ஆவியாக எழும்பும். அந்த ஆவி மின்பகுளியை ஒட்டிய நிக்கல் அடுக்குக்குள் போகிறது. அங்கே நீராவி உடைந்து அதன் அழுத்தம் குறைகிறது, சமநிலை திரும்புகிறது, சிலிக்கா திடமாகி விழுகிறது. விழும் இடம் சரியாக மும்முனைக் கோடு. அதனால்தான் தொடர் மின்தடை அசையாமல் 1 கிலோஹெர்ட்ஸ் வளைவு மட்டும் பெருக்கிறது. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் ஆனி ஹௌக்கும் கூட்டாளிகளும் 2000களின் பிற்பாதியில் இதைக் காட்டினார்கள். தொடக்கத்து சில நூறு மணி நேரத்து முடக்கம், அதற்குக் காரணம் சீலில் இருந்து வந்த சிலிக்கா. உங்கள் வளைவு வடிவம் அப்படியே அதுதான்.

சீலை மட்டும் பார்க்காதீர்கள். வாயு உள்ளே வரும் குழாய் குவார்ட்ஸா? அப்படியானால் நீராவி சூடாகும் இடத்திலிருந்தே சிலிக்கா எடுத்துக்கொண்டு வருகிறது. 99.7 சதவீத அலுமினா குழாய்க்கு மாற்றுங்கள். வெப்பம் காக்க உள்ளே அடைக்கும் பீங்கான் பஞ்சு பெரும்பாலும் அலுமினோசிலிகேட், அதைச் செல்லுக்கு முன்னால் வைக்கக் கூடாது. தனிச் செல் சோதனைக்குத் தங்க வளையச் சீல் போட்டால் இந்தத் தலைவலி போகும். பல செல்களை அடுக்கிய ஸ்டாக்கில் அது நடக்காது, அங்கே நீராவி தொடும் கண்ணாடிப் பரப்பைக் குறைப்பதுதான் வழி.

நீராவி எப்படி உண்டாக்குகிறீர்கள்? குமிழிக்கலம் வைத்து 90 சதவீதம் எடுப்பது சூதாட்டம். தண்ணீர் 97 டிகிரியில் இருக்க வேண்டும், 1 டிகிரி தவறினால் நீராவி 3 சதவீதத்துக்கு மேல் மாறும். பம்ப்பும் ஆவியாக்கியும் என்றால் உங்கள் ஓட்டத்துக்கு மணிக்கு 10.8 கிராம் தண்ணீர். அவ்வளவு சின்ன ஓட்டம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், மின்னழுத்தம் ரம்பம் போல ஆடும். சுத்தமாகச் செய்வதானால் செல்லுக்கு முன்னாலேயே ஹைட்ரஜனில் ஆக்சிஜனை எரித்து நீராவி ஆக்குவது நல்லது. நிமிடத்துக்கு 250 மி.லி. ஹைட்ரஜன், 112.5 மி.லி. ஆக்சிஜன் விட்டால் 225 நீராவி, 25 ஹைட்ரஜன் கிடைக்கும். எரியும் இடம் ஹைட்ரஜன் தானாகத் தீப்பிடிக்கும் வெப்பத்துக்கு நன்றாக மேலே, 700 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். உலை வெப்பம் இறங்கினால் ஆக்சிஜன் வால்வு தானே மூடும் இன்டர்லாக் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

கந்தகமும் உண்டு. ஆனால் அது நிக்கல் மேற்பரப்பில் ஒட்டும், சுத்த வாயு விட்டால் பெரும்பாலும் விட்டுப் போகும். சிலிக்கா அப்படித் திரும்பாது. சிலிண்டருக்கு அடுத்து ஒரு கந்தக உறிஞ்சி வையுங்கள், செலவு குறைவு.


பெரோவ்ஸ்கைட்பித்தன்:

மேலே இருவரும் நிக்கலையே குற்றவாளியாக்கிவிட்டீர்கள். காற்றுப் பக்கத்தை இவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 750 டிகிரியில் காற்று மின்முனையின் மிகை மின்னழுத்தம் (வினையை ஓட்டக் கூடுதலாகச் செலவாகும் மின்னழுத்தம்) 50 மில்லிவோல்ட் என்றால், இடைமுகத்தில் வெளியேற வழியில்லாத மூடிய துளைக்குள் ஆக்சிஜன் அழுத்தம் காற்றில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட 10 மடங்கு, அதாவது 2 வளிமண்டலம். 100 மில்லிவோல்ட் என்றால் 90 மடங்குக்கு மேல், 20 வளிமண்டலம் அளவு. 200 மில்லிவோல்ட்டில் அது ஆயிரம் வளிமண்டலத்தைத் தாண்டும். எந்தப் பீங்கான் இடைமுகமும் அதைத் தாங்காது. எல்எஸ்எம் செல்களில் இதுதான் நடந்தது. எல்எஸ்எம் ஆக்சிஜன் அயனியைக் கடத்தாது, வினை முழுவதும் மின்பகுளியைத் தொடும் கோட்டிலேயே குவியும். ரிசோவில் ரூத் நிபியும் குழுவினரும் 2010இல் வெளியிட்டதில், 850 டிகிரியில் ச.செ.மீ.க்கு 1 முதல் 2 ஆம்பியர் ஓட்டிய செல்களின் ஒய்எஸ்இசட் மணி எல்லைகளிலேயே ஆக்சிஜன் துளைகள் வரிசை கட்டியிருந்தன. ஆகவே எல்எஸ்எம்முக்கு மாறுங்கள் என்ற யோசனை பின்னோக்கிப் போவது. அதில் நெர்ன்ஸ்ட்கோடு சாரோடு ஒத்துப்போகிறேன்.

ஆனால் எல்எஸ்சிஎஃப் புனிதமும் இல்லை. அதன் வெப்ப விரிவு டிகிரிக்கு 10 லட்சத்தில் 15 முதல் 17, ஒய்எஸ்இசட்டுக்கு 10.5. ஒவ்வொரு தடவை உலையை அணைத்து ஏற்றும்போதும் இடைமுகம் இழுபடும். ஜிடிசியைக் கலப்பது வினைக்காக மட்டும் அல்ல, இந்த வித்தியாசத்தைக் குறைக்கவும்தான். ஸ்ட்ரான்சியம் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகவும், மணி எல்லை வழியாகவும் நகரும். திரை அச்சு ஜிடிசி 1250 டிகிரியிலும் முழுக்க அடர்த்தியாகாது. அதை அடர்த்தியாக்க 1300க்கு மேல் போனால் ஜிடிசியும் ஒய்எஸ்இசட்டும் ஒன்றோடொன்று கரைந்து கடத்தல் குறைந்த கலவையாகும், அதுவே தொடர் மின்தடையைக் கூட்டும். இரண்டு பக்கமும் இடி. 1 மைக்ரானுக்குக் குறைவான அடர்ந்த ஜிடிசியை ஸ்பட்டரிங்கில் (வெற்றிடத்தில் அணுக்களைத் தெறிக்கவைத்துப் பூசும் முறை) போடுவதுதான் சரியான தீர்வு, விலைதான் உறுத்தும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சிர்கோனேட்டின் பெரும்பகுதி எல்எஸ்சிஎஃப்பை 1050-1100 டிகிரியில் சுடும்போதே உருவாகிவிடுகிறது. 750இல் அது வளரும் வேகம் குறைவு. இரண்டாம் கட்டத்தில் மட்டும் திடீரென ஏற ஆரம்பித்ததை அதை வைத்து விளக்குவது கஷ்டம். அந்த 100 மணி நேரச் சோதனை நியாயமானது.

குரோமியத்தையும் கேட்டுவிடுங்கள். காற்று வரும் சூடான பாதையில் எவர்சில்வர் குழாய் இருக்கிறதா? மின்னாற்பகுப்பில் எல்எஸ்எம்மில் குரோமியம் படிவது எரிபொருள் செல் முறையைவிடக் குறைவு, ஆனால் எல்எஸ்சிஎஃப்பின் மேற்பரப்பு ஸ்ட்ரான்சியம் மின்னோட்டம் இல்லாமலே குரோமிய ஆவியோடு வினைபுரிந்து குரோமேட் ஆகும். ஸ்டாக்கில் குரோஃபர் 22 ஏபியு என்ற குரோமிய எஃகுத் தகடு போட்டால் மாங்கனீஸ்-கோபால்ட் ஸ்பினல் பூச்சு 10 மைக்ரானாவது வேண்டும். பூச்சில்லாமல் ஓட்டிவிட்டு மின்முனை நீடிக்கவில்லை என்பதில் அர்த்தமில்லை.


ஆவிஉலை:

மூவருக்கும் நன்றி. சொன்ன சோதனைகளைச் செய்தாயிற்று.

காற்றை ஆக்சிஜனாக மாற்றியபோது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சிகரம் மட்டும் சுருங்கியது. 1 கிலோஹெர்ட்ஸ் சிகரம் அசையவில்லை, அது நீராவி விகிதத்துக்குத்தான் அசைந்தது. சுமையில்லாமல் வைத்தபோது தொடர் மின்தடை ஏறவில்லை. சுமை போட்டதும் மறுபடி ஏறுகிறது. சுமையில்லா மின்னழுத்தம் 0.86தான், தெர்மோகப்பிள் எஸ் வகை.

உள்ளே வரும் குழாய் குவார்ட்ஸ். அதை மாற்றப்போகிறோம். காற்றுப் பாதையில் சூடான பகுதி முழுவதும் அலுமினா.

இரண்டாம் கட்டம் நிக்கல் நகர்வு என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் இந்த செல்லிலேயே என்ன செய்யலாம், அடுத்ததில் என்ன மாற்றலாம்? ஹைட்ரஜனை 10இலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கலாமா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது.


நிக்கல்நாடோடி:

எடுத்துக்கொள்ளலாம். அதிக மின்னோட்டத்தில், மின்பகுளியை ஒட்டிய சில மைக்ரானிலிருந்து நிக்கல் விலகிப் போகிறது. அங்கே ஒய்எஸ்இசட் எலும்புக்கூடும் துளையும்தான் மிஞ்சும். வினை நடக்கும் கோடு உள்ளே தள்ளிப்போகிறது, அயனி அந்த வெற்று எலும்புக்கூட்டைக் கடந்து வர வேண்டியிருக்கிறது. மின்பகுளி தடித்துவிட்டதற்குச் சமம், ஆகவே தொடர் மின்தடை ஏறும்.

எவ்வளவு ஏறும் என்று பாருங்கள். 750 டிகிரியில் 8ஒய்எஸ்இசட்டின் கடத்துதிறன் செ.மீ.க்கு 0.03 சீமென்ஸ் அளவு. உங்கள் 10 மைக்ரான் அடர்ந்த மின்பகுளிக்கு 33 மில்லிஓம் ச.செ.மீ. எலும்புக்கூட்டின் கடத்தல் அடர்ந்ததில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்தால், நிக்கல் போன 5 மைக்ரான் அடுக்கு 100 மில்லிஓம் ச.செ.மீ. கொடுக்கும். 1 ஆம்பியரில் அது 100 மில்லிவோல்ட். மின்பகுளியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் 5 மைக்ரானில். செயல் அடுக்கே 12 மைக்ரான்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏன் நகர்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மோகன்ஸ் மோகன்சன் சொல்வது, மின்பகுளிக்கு அருகில் மின்னழுத்தம் மிகவும் எதிர்மறையாகப் போகும்போது நிக்கலுக்கும் ஒய்எஸ்இசட்டுக்கும் இடையிலான தொடர்பு அறுந்து, பிறகு நிக்கல் ஹைட்ராக்சைடு வகைச் சேர்மங்களாக நகர்கிறது என்று. ஈரப்படுத்தும் கோணத்தின் மாற்றம்தான் முக்கியம் என்பார் உண்டு. எந்த விளக்கம் வென்றாலும் நடைமுறையில் தூண்டுகோல் ஒன்றுதான். மின்னோட்டம் அல்ல, நிக்கல் மின்முனையின் மிகை மின்னழுத்தம். அதனால்தான் வாயு நுழையும் முனையில், நீராவி மிகுந்து உள்ளூர் மின்னோட்டம் கூடும் இடத்தில், நிக்கல் இழப்பு அதிகம்.

இதிலிருந்தே உங்கள் இரண்டு கட்டமும் எப்படிக் கோர்த்துக்கொள்கின்றன என்பது புரியும். சிலிக்கா முதலில் மும்முனைக் கோட்டை அடைத்தது. மின்னோட்டத்தை நீங்கள் பூட்டி வைத்ததால் மிச்சமிருந்த இடங்களில் மிகை மின்னழுத்தம் ஏறியது. அது ஒரு வரம்பைத் தாண்டியதும் நிக்கல் நகர ஆரம்பித்தது. முதலாவதைத் தடுத்தால் இரண்டாவது தள்ளிப்போகும். செல்லின் பொருளை மாற்றும் முன் குவார்ட்ஸ் குழாயை மாற்றுங்கள் என்று நானும் சொல்வேன்.

இந்த செல்லில் செய்யக்கூடியது: மின்னோட்டத்தை 0.5 ஆம்பியருக்கு இறக்குங்கள், வாயு ஓட்டத்தையும் பாதியாக்கிப் பயன்பாட்டை அப்படியே வையுங்கள். ஏற்றம் குறையும். போன நிக்கல் திரும்பாது. அவ்வப்போது எரிபொருள் செல் முறைக்குத் திருப்பி ஓட்டுவது இன்னொரு வழி. கிறிஸ்டோபர் கிரேவ்ஸ் முதலானோர் 2015இல் வெளியிட்ட சோதனையில், 1 மணி நேரம் 1 ஆம்பியரில் மின்னாற்பகுப்பு, 5 மணி நேரம் 0.5 ஆம்பியரில் எரிபொருள் செல் என்று சுழற்றியபோது, தொடர் மின்னாற்பகுப்பில் வந்த கடும் சிதைவு கிட்டத்தட்ட மறைந்தது. ஆனால் அது எல்எஸ்எம் செல், அங்கே முக்கியமாகக் காப்பாற்றப்பட்டது காற்றுப் பக்க இடைமுகம். நிக்கலுக்கும் அதே அளவு பலன் வரும் என்று எதிர்பார்த்துவிட வேண்டாம். ஹைட்ரஜன் உற்பத்தி ஆலைக்காரரிடம் ஆறில் ஐந்து பங்கு நேரம் மின்சாரம் எடுங்கள் என்றால் ஏற்கவும் மாட்டார்.

அடுத்த செல்லுக்கு ஜிடிசி ஊறல், அதாவது ஜிடிசி தரும் கரைசலை மின்முனைத் துளைகளில் ஊறவைப்பது. நிக்கல்-ஒய்எஸ்இசட்டை முதலில் ஒடுக்கிக்கொள்ளுங்கள், நிக்கல் ஆக்சைடு உலோகமாகும்போது துளை விரியும், கரைசல் இறங்க இடம் கிடைக்கும். 50 மி.லி. 1 மோலார் கரைசலுக்கு சீரியம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 17.37 கிராம், கடோலினியம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 4.51 கிராம். இது 80/20 விகிதம். நுரைக்காத அளவு டிரைட்டான் எக்ஸ்-100 (பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) சேர்த்தால் தாங்கு அடுக்கின் 300 மைக்ரானைத் தாண்டி உள்ளே போகும். சேர்க்காவிட்டால் வெளிப்புறமே படிந்து வாயு வழியை அடைக்கும். தாங்கு அடுக்குப் பக்கம் கரைசலை விட்டு வெற்றிடத்தில் சில நிமிடம், மேலே நிற்பதைத் துடைத்து, 350 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்கி நைட்ரேட்டை எரிக்க வேண்டும். சூடாக்குவது ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில். காற்றில் சூடாக்கினால் நிக்கல் திரும்ப ஆக்சைடாகி, 70 சதவீதம் பருத்து, மின்பகுளியைக் கிழித்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் எடை பாருங்கள். எடை ஏறுவது நின்றால் துளை வாய் அடைபட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் ஊற்றிப் பயனில்லை. ஜிடிசி வினையிடத்தைக் கூட்டி மிகை மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. நிக்கல் விலகினாலும் ஒடுங்கிய சீரியா ஓரளவு எலக்ட்ரானையும் கடத்துவதால் வினை நின்றுபோகாது.

முழுக்க நிக்கல்-ஜிடிசி மின்முனைக்கே போவது இன்னும் உறுதியான பாதை. கார்ல்ஸ்ரூவேயில் உள்ள ஐஃபர் ஆய்வகத்தின் இரண்டு நீண்ட சோதனைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். எரிபொருள் மின்முனை தாங்கும் செல் 1 ஆம்பியரில் 9,000 மணி நேரம்: சிதைவு 1,000 மணிக்கு 3.8 சதவீதம். மின்பகுளி தாங்கும், நிக்கல்-ஜிடிசி மின்முனை கொண்ட செல் 0.9 ஆம்பியரில் 23,000 மணி நேரம்: 1,000 மணிக்கு 0.57 சதவீதம். இரண்டிலும் காற்றுப் பக்கம் எல்எஸ்சிஎஃப். பெரோவ்ஸ்கைட்பித்தன் கோபித்துக்கொள்ள வேண்டாம். தடித்த மின்பகுளிக்கு விலையாகத் தொடக்க மின்தடை அதிகம், இயக்க வெப்பநிலையும் மேலே போக வேண்டும்.


கண்ணாடிக்கசிவு:

5 சதவீத ஹைட்ரஜன் கேள்விக்கு. 750 டிகிரியில் நிக்கல் ஆக்சைடாக நீராவிக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் நூறைத் தாண்ட வேண்டும். 95/5 என்றால் 19தான். வெப்ப இயக்கவியல்படி ஆபத்தில்லை. ஆனால் பம்ப் ஒரு கணம் துடித்தாலோ சீல் கசிந்தாலோ அந்த 5 சதவீதம் உள்ளூரில் காலியாகும். நிக்கலின் ஹைட்ராக்சைடு ஆவியும் நீராவி கூடக் கூடும். சுமையில் ஓடும்போது செல் தானே ஹைட்ரஜன் தயாரிக்கிறது. ஆபத்து சுமை அறுபடும் நேரத்தில்தான். மின்சாரம் போனால் நீராவி நின்று, 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் தானாகத் திறக்கும்படி சோலினாய்டு வைத்துவிட்டு அப்புறம் குறையுங்கள்.

செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில், கார்பன் டைஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் எடுத்த மாக்ஸி கருவிக்கும் இதே கவலை இருந்தது. கார்பன் டைஆக்சைடு மட்டும் உள்ளே போனால் 800 டிகிரியில் நிக்கல் ஆக்சைடாகும் என்பதால், வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை, கார்பன் மோனாக்சைடோடு, உள்வாயிலுக்கே திருப்பிவிட்டார்கள். 2021 ஏப்ரல் முதல் 2023 ஆகஸ்ட் வரை 16 முறை ஓடி 122 கிராம் ஆக்சிஜன் தந்தது. ஒவ்வொரு முறையும் ஆறி, மறுபடி சூடானதும் இதில் அடங்கும். நம்மூர் மின்வெட்டுக்கு நடுவே செல் ஓட்டுகிறவர்கள் பொறாமைப்படலாம்.


ஆவிஉலை:

தெளிவாகிவிட்டது. இந்த செல்லை இறக்கி வெட்டிப் பார்க்கப்போகிறோம். இறக்கும்போது தடயம் அழியாமல் இருக்க என்ன கவனிக்க வேண்டும்?


நிக்கல்நாடோடி:

சுமையை எடுத்து, 750இலேயே நீராவியை நிறுத்தி, 5 சதவீத ஹைட்ரஜன்-நைட்ரஜன் அரை மணி நேரம் விடுங்கள். நீராவியோடு ஆறவிட்டால் தண்ணீர் கட்டும். பிறகு நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரி வேகத்தில் இறக்குங்கள், 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை அந்த வாயு நிற்கக் கூடாது.

நுழைமுனை, நடு, வெளிமுனை என்று மூன்று துண்டு எடுங்கள். நான்காவதாக, காற்று மின்முனை இல்லாத ஓரப்பகுதியிலிருந்து ஒரு துண்டு. அதே வெப்பம், அதே வாயு, மின்னோட்டம் மட்டும் இல்லை. இதைவிட நல்ல ஒப்பீட்டு மாதிரி கிடைக்காது. ஒடுக்கி மட்டும் வைத்த புதுச் செல்லும் ஒன்று இருந்தால் துகள் பெருத்ததையும் பிரித்துப் பார்க்கலாம்.

ஒவ்வொரு துண்டையும் இரண்டாக உடையுங்கள். ஒரு பாதியைத் தொடாதீர்கள், சிலிக்கா தேட அந்த உடைந்த முகம்தான் வேண்டும். மற்றதை வெற்றிடத்தில் எபாக்சி ஊற்றி வைரப் பசையில் 1 மைக்ரான் வரை மெருகேற்றுங்கள். சிலிக்கன் கார்பைடு தாளில் தேய்த்துவிட்டு, கூழ்ம சிலிக்காவில் முடித்துவிட்டு, அந்த முகத்தில் சிலிக்கன் கண்டோம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இடிஎஸ்ஸிலும் (எக்ஸ்ரே ஆற்றலை வைத்துத் தனிமம் காணும் முறை) கவனம். சிலிக்கனின் கோடு 1.74 கிலோஎலக்ட்ரான் வோல்ட், ஸ்ட்ரான்சியம் 1.81, இட்ரியம் 1.92, சிர்கோனியம் 2.04. சின்ன சிலிக்கன் சிகரம் இவற்றின் தோளில் மறையும், கோடுகளை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் டபிள்யூடிஎஸ் வசதி இருந்தால் அதில் பாருங்கள்.

மெருகேற்றிய முகத்துக்குக் கார்பன் பூசும் முன், எஸ்இஎம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 1 கிலோவோல்ட்டில் இன்லென்ஸ் உணரியோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள். தாங்கு அடுக்கை வெள்ளிப் பசையால் தரையோடு இணைத்திருக்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்புள்ள நிக்கல் பளீரென்று தெரியும், தொடர்பறுந்த நிக்கல் மங்கிப்போகும். மின்பகுளியிலிருந்து எத்தனை மைக்ரான் வரை பளீர் நிக்கலே இல்லையோ, அந்த எண்ணை மேலே போட்ட 0.03 சீமென்ஸ் கணக்கில் வைத்து, நீங்கள் அளந்த தொடர் மின்தடை ஏற்றத்தோடு பொருத்துங்கள். ஏற்றத்தில் பாதிதான் விளங்குகிறது என்றால் ஜிடிசி பக்கத்துப் படத்தைப் பெரோவ்ஸ்கைட்பித்தனுக்கு அனுப்புங்கள்.